மாமியார் சொன்ன பழஞ்சோறு

கேள்வி: பல்லில் சீழ் கட்டியதால் ஒரு வாரம் அன்டிபயோட்டிக் எடுத்தேன். பல் சுகம், வயிறுதான் கெட்டுவிட்டது. தினமும் இரண்டு தடவை இளகிப் போகிறது. பாமசியில் 'நல்ல கிருமி' மாத்திரைப் பெட்டியொன்றைக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும் வேண்டாமென்று வந்துவிட்டேன். சட்டித் தயிரும் கித்துள் பாணியும் போதாதா? மாமியார் பழஞ்சோறு சாப்பிடு என்கிறார். – வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாங்காமல் வந்தது நல்லது, சகோதரி. பல்லுக்கு எடுத்த மருந்து குடலில் குடியிருக்கும் நல்ல பக்டீரியாவையும் சேர்த்தே கொன்றுவிடும். மருந்து எடுக்கும்போதே கூடச் சேர்த்தால் அந்த மாத்திரைகளில் சில வகை வயிற்றோட்டத்தைத் தடுக்க உதவும், மறுக்கவில்லை. மருந்து முடிந்த பிறகு கதை வேறு. 2018இல் வெளியான, இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தாரின் ஆய்வில், அன்டிபயோட்டிக்குக்குப் பின் இப்படி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சொந்தப் பக்டீரியா திரும்பிவர, ஒன்றும் எடுக்காதவர்களைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அவ்வளவு காசு கொடுக்குமுன் யோசிக்கலாம்.

தயிர் தாராளமாகச் சாப்பிடுங்கள். பாணியை மட்டும் வயிறு கட்டும்வரை விடுங்கள், சீனி கூடினால் இன்னும் இளகும். தயிரில் உள்ளவை வந்து போகும் விருந்தாளிகள், குடலில் நிலைத்துத் தங்குவதில்லை. அப்பமும் தோசையும் புளித்த மாதான், ஆனால் கல்லில் வேகும்போது கிருமிகள் செத்துவிடும்.

குடலில் நிரந்தரமாகக் குடியிருக்கும் சொந்தப் பக்டீரியாதான் வீட்டுக்காரர். அவர்களுக்குத் தேவை நார்ச்சத்து. வாழைப்பொத்தி வறை, கௌபி, முருங்கையிலை, வல்லாரைச் சம்பல், உள்ளி, வெங்காயம் எல்லாம் வெள்ளவத்தைச் சந்தையிலேயே கிடைக்கும். பெருங்குடல் பக்டீரியா நாரைப் புளிக்கவைத்து பியூட்டிரிக் அமிலம் உண்டாக்கும். பெருங்குடல் உட்சுவரின் கலங்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். ஒரே நாளில் அள்ளிப் போடாதீர்கள், வயிறு ஊதும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

பழஞ்சோற்றில் நான் மாமியார் பக்கம். சோறு ஆறும்போது மாச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறி, பெருங்குடல் பக்டீரியாவுக்குச் சாப்பாடாகப் போய்ச் சேரும். தண்ணீரில் ஊறும் இரவில் லக்டிக் அமிலப் பக்டீரியாவும் பெருகும். கொட்டாஞ்சேனை வீட்டில் எங்கள் அம்மா, இரவுச் சிவப்பரிசிச் சோறு ஆறியதும் மண்சட்டியில் தண்ணீர் விட்டு மூடிவைப்பார். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேரும். ஆனால் ஒன்று: மத்தியானச் சோற்றை இரவுவரை வெளியே வைத்து, அப்புறம் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கொழும்பு வெக்கையில் சோற்றில் ஒரு வகைப் பக்டீரியா வளர்ந்து நஞ்சை விடும். சூடாக்கினாலும் அது போகாது. உங்களுக்கு இப்போதைக்குச் சுடச்சுடக் கஞ்சியே போதும். வயிறு சரியான பிறகு பழஞ்சோற்றைத் தொடங்குங்கள்.

காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ, கடும் வயிற்றுவலியோ வந்தால், அல்லது தண்ணீராய்ப் பல தடவை போனால், உடனே டொக்டரிடம் போங்கள். அன்டிபயோட்டிக்குக்குப் பின் வரும் ஆபத்தான குடல் தொற்று ஒன்று இருக்கிறது. பல் வைத்தியர் தந்த மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.