வெள்ளத்துக்கு ஊர் தாங்குமா, எப்படி அளக்கிறது? – வன்னி ஊர்களின் கேள்வி பதில்

கண்டாவளை: ஐயா, 2018 டிசம்பர் வெள்ளம் மாதிரி இன்னொன்று வந்தால் ஊர் எவ்வளவுக்கு மீண்டெழும் எண்டு எண்ணில் சொல்ல ஏலுமா?

ஏலும். ஒரு சேவையை எடுத்து, எவ்வளவு விழுந்தது, எத்தனை நாளில் நிமிர்ந்தது எண்டு பாருங்கோ. 100 குடும்பத்துக்குக் குழாய்த்தண்ணி போகுது. வெள்ளத்தில் 40க்கு இறங்கி, சீராக ஏறி, 5 நாளில் பழையபடி 100. சீராக ஏறினதால் பாதியாக்கவேணும்: இழப்பு 60 × 5 ÷ 2 = 150 குடும்ப நாள், அதாவது 150 குடும்பம் ஒரு நாள் தண்ணியில்லாமல் இருந்ததுக்குச் சமம். பக்கத்து ஊரில் 70க்குத்தான் இறங்கினது, ஆனால் நிமிர 20 நாள்: 30 × 20 ÷ 2 = 300. குறைய விழுந்த ஊர்தான் இரண்டு மடங்கு இழந்தது. தண்ணி மோட்டருக்கு மாற்றுப் பாகம் கையிருப்பில் இல்லாட்டில் இப்படித்தான் இழுபடும்.

மாங்குளம்: எங்கட குழு வெள்ள ஆயத்தத்துக்குப் புள்ளி போட்ட பட்டியலில் சராசரி 90 வீதம். நல்லதுதானே?

சராசரியை நம்பாதேங்கோ. எச்சரிக்கை ஒரு சங்கிலி. குளக்கட்டிலிருந்து நீர்ப்பாசனத் திணைக்களம், பிரதேச செயலகம், கிராம அலுவலர், ஒலிபெருக்கி, வீடு எண்டு ஐந்து கைமாறும். ஒவ்வொன்றும் 90 வீதம் எண்டால் கடைசியில் சேருறது 59 வீதம்தான்.

ஒட்டுசுட்டான்: அநியாயக் கணக்கு ஐயா! கிராம அலுவலர் கிடைக்காட்டில் சனம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுக்கும், கோயில் மணியும் இருக்குது.

சரியான மறுப்பு, தம்பி. ஒரு கண்ணிக்கு 90 வீத வழி இரண்டு இருந்தால் அது 99 ஆகும். ஆனால் இரண்டும் தனித்தனியாக நிக்கவேணும். அலுவலரின் கைத்தொலைபேசியும் 117க்கு எடுக்கிற கைத்தொலைபேசியும் ஒரே தொலைபேசிக் கோபுரம் எண்டால், கரண்ட் போய்க் கோபுரத்து பற்றரி இறங்கினதும் இரண்டும் சேர்ந்து போகும். அதை ஒரு வழியாகத்தான் எண்ணவேணும். மணி வேற வழி.

மாங்குளம்: அப்ப மணியை எழுதட்டா?

மாரிமழை இரைச்சலுக்குள்ள அடிச்சு, எந்த வீடுவரை கேக்குது எண்டு குறிச்ச பிறகு எழுதுங்கோ.

புதுக்குடியிருப்பு: எஞ்சின் வள்ளம் இரண்டு இருக்குது. எத்தனை புள்ளி?

இருக்கிறதுக்குப் புள்ளி இல்லை. சொல்லாமல், இரவில் ஒத்திகை வையுங்கோ. தகவல் வந்து வள்ளம் தண்ணியில் இறங்க எத்தனை நிமிடம்? அதுதான் அளவு. மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் கார்புரேற்றரில் பசையாகி அடைச்சிருக்கும்.

துணுக்காய்: வெள்ளத்துக்குச் சனம் தங்கிற பொதுநோக்கு மண்டபம் 40க்கு 30 அடி. படிவத்தில் 200 பேர் எண்டு கிடக்குது.

111 சதுர மீற்றர். அனர்த்த உதவிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவான ஸ்பியர் தரப்படி ஆளுக்கு 3.5 எண்டால் 31 பேர். மலசலகூடம் 20 பேருக்கு ஒன்று, தண்ணி ஆளுக்கு நாளுக்கு 15 லீற்றர். படிவத்தைத் திருத்துங்கோ, மிச்சப் பேருக்கு இப்பவே வேற கட்டடம் பாருங்கோ.

முள்ளியவளை: ஜெனரேற்றருக்கு எத்தனை புள்ளி?

வள்ளத்துக்குச் சொன்னதுதான்.

கரைச்சி: எங்கட சராசரி 82...

மாங்குளத்துக்குச் சொன்னதை வாசியுங்கோ. பட்டியலில் ஆகக் குறைஞ்ச புள்ளி எடுத்த வரி எது எண்டு மட்டும் அனுப்புங்கோ.

நெடுங்கேணி: வெள்ளம் புகுந்த கிணத்துக்குக் குளோரின் எவ்வளவு?

பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேளுங்கோ, தங்கச்சி. கிணத்தின் விட்டமும் தண்ணி ஆழமும் அளந்துகொண்டு போங்கோ. அது இல்லாமல் அளவு சொல்ல ஏலாது.