அஞ்சறைப் பெட்டியில் ஆங்கிலச் சொற்கள்

கேள்வி: தேவகோட்டையில் இருந்து வங்கித் தேர்வுக்குத் தயாராகிறேன். தினமும் 30 கடினமான ஆங்கிலச் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. மிச்சமும் தேர்வில் குழப்புகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 30-ஐ 8 ஆக்குங்கள். மறப்பது உங்கள் குறை இல்லை. ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இலேயே எழுதிவிட்டார்: மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே கழன்றுவிடும்.

குழப்பத்துக்குக் காரணம் வேறு. ஒற்றை வார்த்தையில் அர்த்தம் படிக்கிறீர்கள். 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்ஜி' இரண்டும் பட்டியலில் ஒன்றுபோலவே தெரியும். புளி கரைத்த சக்கையைக்கூட வீசாமல் பித்தளை தேய்க்க எடுத்துவைக்கும் அப்பத்தா 'ஃப்ரூகல்', அது பாராட்டு. வந்தவருக்கு ஒரு வாய் காபி தர மனம் வராதவர்தான் 'ஸ்டிஞ்ஜி'. மாற்றிச் சொன்னால் அப்பத்தா வீட்டில் அன்றைக்குச் சோறு கிடைக்காது!

அதேபோல 'மிட்டிகேட்' என்றால் 'குறைத்தல்' என்று மட்டும் படித்தவர், விலையையும் மிட்டிகேட் செய்துவிடுவார். அந்தச் சொல் ரிஸ்க், டேமேஜ் போன்ற கெடுதல்களோடுதான் சேரும். விலைக்கு 'ரெட்யூஸ்' போதும். எனவே சொல்லை அதன் கூட்டாளியோடு எழுதுங்கள்.

எழுதியதை எங்கே வைப்பது? வீட்டில் பழைய அஞ்சறைப் பெட்டி இருந்தால் கேட்டு வாங்குங்கள். லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய, அட்டை வைத்து மனப்பாடம் செய்யும் முறைக்கும் ஐந்து அறைகள்தான். சின்ன அட்டையின் முன்பக்கம் கோடிட்ட இடத்தோடு ஒரு வாக்கியம், பின்பக்கம் சொல். புது அட்டை முதல் அறையில், தினமும் பாருங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு. இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, அப்புறம் பதினைந்து நாள், ஒரு மாதம். தப்பாகச் சொன்னால், எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறை. இதில் இரக்கமே காட்டாதீர்கள்.

வேர்ச்சொல் உதவும், ஓரளவுக்கு. 'மால்' என்றால் கெட்டது என்று தெரிந்தால் 'மாலிஸ்' (கெட்ட எண்ணம்), 'மாலிக்னன்ட்' (கேடு விளைவிக்கும்) இரண்டையும் ஊகிக்கலாம். ஷாப்பிங் மாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவ்வளவுதான்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புது அட்டை போடாதீர்கள். முதல் இரண்டு அறைகளைக் காலி செய்யப் பாருங்கள்.