அடியில் மிங் முத்திரை, விளிம்பில் சிதைவு: வாங்கலாமா?

கேள்வி: கியோட்டோவில் வசிக்கிறேன், தேநீர்க் கலை பயில்கிறேன். தோஜி கோயில் சந்தையில் நீலச் சித்திரம் போட்ட பழைய இமாரிக் கிண்ணங்கள் ஐந்து பார்த்தேன். அடியில் 'மகா மிங், செங்ஹுவா ஆண்டில் செய்தது' என்று சீன எழுத்து. அதைக் காட்டித்தான் கடைக்காரர் விலையை ஏற்றிச் சொல்கிறார். இரண்டில் விளிம்பு சிதைந்திருக்கிறது, ஒன்று பொன் கோடிட்டு ஒட்டியது. வாங்கி விருந்தில் பரிமாறலாமா?

பதில்: அந்த முத்திரைக்காக ஒரு யென்கூட அதிகம் கொடுக்காதீர்கள். செங்ஹுவா என்பது சீனாவின் மிங் பேரரசர் ஒருவரின் ஆட்சிக்காலப் பெயர், 1465 முதல் 1487 வரை. ஜப்பானில் பீங்கான் சுடத் தொடங்கியதே 17ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், அரிதாவில். பக்கத்துத் துறைமுகமான இமாரி வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர். சீனப் பீங்கான் மீதிருந்த மதிப்பால் அரிதாக் குயவர்கள் அந்த எழுத்துகளை அப்படியே எழுதினார்கள். ஏமாற்று வேலை அல்ல. ஆனால் அது காலத்தைச் சொல்லாது.

காலத்தை நீலத்தில் தேடுங்கள். எடோ காலத்து (1603–1868) நீலம் பெரும்பாலும் சற்றே சாம்பல் கலந்து அடங்கியிருக்கும். மெய்ஜி காலத்தில் (1868–1912) செயற்கைக் கோபால்ட் வந்தபின் நீலம் பளீரென்று ஆனது. அச்சில் பதித்த சித்திரங்களும் பெருகின. ஒரே பூ ஐந்திலும் இம்மி பிசகாமல் இருந்தால், அல்லது சித்திரம் ஓரிடத்தில் ஒட்டுப்போட்டதுபோல் பொருந்தாமல் நின்றால், அது அச்சு. அச்சுக் கிண்ணமும் அழகுதான், எடோ விலை மட்டும் அதற்கு ஆகாது.

விளிம்புச் சிதைவை 'முஷிகுய்', அதாவது பூச்சி அரித்தது, தேநீர்க் கலைஞர்கள் விரும்புவது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அந்தப் புகழ் 17ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்தெசென்னிலிருந்து வந்த 'கோ-சொமெட்சுகே' என்ற பழைய நீலச் சித்திரப் பாத்திரங்களுக்கு உரியது. சுட்டபின் ஆறும்போது மண்ணும் அதன் மேல்பூச்சான மெருகும் ஒரே அளவில் சுருங்காததால் விளிம்பில் மெருகு மட்டும் உதிர்ந்த இடங்கள் அவை. உங்கள் கிண்ணத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். கூராக, உள் மண்வரை வெட்டியிருந்தால் பின்னாளில் பட்ட அடி. விலையைக் குறைத்துக் கேளுங்கள். நகத்தால் சுண்டியும் பாருங்கள். மறைந்த கீறல் இருந்தால் ஒலி மந்தமாக வரும்.

தாராளமாகப் பரிமாறலாம். கெட்டித் தேநீருக்கு ராகு, ஹாகி, கராட்சு போன்ற மண் கிண்ணங்களே முதன்மை. தேநீருக்கு முந்தைய கைசெகி உணவில்தான் உங்கள் கிண்ணங்களுக்கு இடம். தட்டில் சோறுக்கும் சூப்புக்கும் அப்பால் வைப்பதால் அதற்கு 'முகோஸுகே' என்று பெயர். வழக்கமாக ஐந்தாகவே சேர்த்து விற்பார்கள், அதனால் தொகுதி குறையாமல் இருப்பது நல்லது.

பொன் ஒட்டு உருஷி மரப்பாலால் செய்ததா, ரசாயனப் பசையா என்று கேட்டு வாங்குங்கள். பசையென்றால் அதில் உணவு வேண்டாம். உருஷி என்றாலும் மைக்ரோவேவில் வைக்காதீர்கள்; கையால் கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள்.