புள்ளிப் பட்டியலைக் காட்டினால் ஆசிரியர்கள் கோபிக்கிறார்களே?

கேள்வி: திருகோணமலை, நிலாவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் பிரதி அதிபராக இருக்கிறேன். ஒவ்வொரு தவணையும் புள்ளிப் பகுப்பாய்வு செய்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். அதையே ஆசிரியர் கூட்டத்தில் காட்டினால் சிலர் வாய் திறப்பதில்லை, சிலர் கோபிக்கிறார்கள். தரவைப் பார்த்துக் கற்பிக்கும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவரலாம்?

பதில்: அந்தக் கோபம் நியாயமானது. ஆசிரியரின் பெயரையும் சித்தி வீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால் யாருக்கும் அது விசாரணையாகத்தான் படும். வலயத்துக்கு அனுப்ப வேண்டியதை அனுப்புங்கள். கூட்டத்துக்கு அந்தப் பட்டியல் வேண்டாம்.

சராசரி பலதை மறைத்தும் விடுகிறது. இரண்டு வகுப்புக்கும் கணிதச் சராசரி 45 என்று வையுங்கள். ஒன்றில் எல்லோரும் 40க்கும் 50க்கும் இடையில். மற்றதில் பாதிப்பேர் 70, பாதிப்பேர் 20. இரண்டுக்கும் ஒரே மீட்டல் வகுப்பு எப்படிப் பொருந்தும்?

பட்டியலுக்குப் பதிலாக, விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கும் முன் கூட்டத்தில் ஒரேயொரு வினாவை எடுங்கள். உதாரணமாக, 1/2 + 1/3. விடைகளைக் குவியல்களாகப் பிரியுங்கள். 2/5 என்று எழுதியவர்கள் தொகுதியைத் தனியாகவும் பகுதியைத் தனியாகவும் கூட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் பத்துக் கணக்குக் கொடுத்துப் பயனில்லை. "அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையை விடக் குறைய வருமா?" என்று கேட்டு, தாளை மடித்துக் காட்ட வேண்டும். பகுதியை 6 ஆக்கிவிட்டு இடையில் பிழைவிட்டவர்களுக்குப் பயிற்சி போதும். ஒன்றுமே எழுதாதவர்களைத் தனியே கூப்பிட்டு வினாவை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிப்பில் தடுமாறினால் தமிழ் ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து பார்க்க வேண்டிய பிள்ளை அது.

முதலில் உங்கள் பாடத்துத் தாள்களையே மேசையில் வையுங்கள். பிரதி அதிபரின் வகுப்பிலும் பிழைகள் உண்டு என்று கண்டால்தான் மற்றவர்கள் தங்கள் தாள்களைத் தயங்காமல் எடுத்து வருவார்கள். இதை வைத்து யாரையும் மதிப்பிட மாட்டோம் என்று அதிபரும் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். புதிய படிவம் ஒன்றும் வேண்டாம், இருக்கிற படிவங்களே அதிகம். பிள்ளைகளின் புள்ளிகளை வாட்ஸ்அப் குழுவில் போடுவதைக் கட்டாயம் தவிருங்கள்.

வரவு இடாப்பையும் மாத வீதம் போட்டதோடு மூடிவிடாமல், ஒவ்வொரு பிள்ளையின் வரியையும் குறுக்காக வாசியுங்கள். திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பிள்ளை, கடலுக்குப் போகும் காலத்தில் மட்டும் வராத பிள்ளை என்று தெரியவரும். காரணம் பெரும்பாலும் வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்கும். அதைக் கேட்டுப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

இரண்டு கிழமை கழித்து அதே மாதிரிக் கணக்கு ஒன்றை ஐந்து நிமிடத்தில் கொடுத்துப் பாருங்கள். 2/5 குவியல் சிறுத்திருந்தால், என்ன செய்தார் என்பதை அந்த ஆசிரியரே அடுத்த கூட்டத்தில் சொல்லட்டும்.