சி செக்‌ஷன் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். என் மகன் பக்கத்தில் ஒரு உதவி பெறும் பள்ளியில் ஏழாவது படிக்கிறான், இங்கிலீஷ் மீடியம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணை வைத்து மூன்று செக்‌ஷனாகப் பிரித்துவிட்டார்கள். 350-க்கு மேல் ஏ, 280-க்கு மேல் பி, மீதி சி. இவன் 269. தமிழ் 64, இங்கிலீஷ் 29, கணக்கு 81, அறிவியல் 57, சமூக அறிவியல் 38. ஒன்றாவதிலிருந்து கூடவே திரிந்த சிநேகிதன் ஏ-க்குப் போய்விட்டான். வந்த ஆத்திரத்தில் அந்தப் பையன் எதிரிலேயே இவனை மண்டு என்று திட்டிவிட்டேன். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து போவதில்லை.

ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா? அபாகஸில் சேர்க்கலாமா? கேரம் பிரமாதமாக ஆடுகிறான். நம்ம ஏரியா காசிமா உலகப் போட்டியில் ஜெயித்தது மாதிரி இவனுக்கும் மூளை இருக்கத்தானே செய்யும்? இன்னொன்று, என் தங்கை மகளுக்கு ஏழு வயது. டீச்சர் ‘மீத்திறன்’, அதாவது வயதுக்கு மீறிய திறமை என்கிறார். ஒரு வகுப்பு தாண்டிப் போடலாமா?

ஆர்., தண்டையார்பேட்டை

அன்புள்ள அம்மா,

மண்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பள்ளி அவனுக்கு ஒரு எழுத்தைத்தான் கொடுத்தது. அதற்குப் பொருள் சொன்னது நீங்கள், அதுவும் அவனுடைய ஒரே கூட்டாளியைச் சாட்சி வைத்துக்கொண்டு. பன்னிரண்டு வயதில் அம்மா சொல்வதைத்தான் பிள்ளை நம்பும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவன் எதிரிலேயே, ‘நான் சொன்னது தப்பு’ என்று மகனிடம் சொல்லுங்கள். இதற்குக் கூச்சப்பட்டால் கீழே எழுதியிருக்கும் எதுவும் வேலைக்கு ஆகாது.

ஐ.க்யூ. டெஸ்ட் இப்போது வேண்டாம். 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடோர் சிமோனும் முதல் சோதனையைச் செய்தது, சாதாரண வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனி உதவி தேவை என்று கண்டுபிடிக்க. அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது, கூட்ட முடியாது என்று சொன்னவர்களோடு பினே 1909-ல் வெளிப்படையாகவே சண்டை போட்டார். இங்கே அதே சோதனையைப் பிள்ளைக்கு விலைச்சீட்டு ஒட்டத்தான் தேடுகிறோம். சராசரி 100 என்று வைத்த அளவுகோல் அது. உங்கள் மகனுக்கு 96 வந்தால், 90-க்கும் 102-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறான் என்பதற்கு மேல் ஒரு நேர்மையான உளவியலாளர் சொல்ல மாட்டார். திங்கட்கிழமை காலை அதை வைத்து என்ன செய்வீர்கள்? இங்கிலீஷில் அவன் எந்த இடத்தில் இடறுகிறான் என்று அந்த எண் சொல்லாது. அபாகஸ் கூட்டல் வேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். கேரமும் அப்படியே. காசிமா 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கியது கேரம் ஆடி ஆடித்தான். கேரம் நன்றாக ஆடுகிறவன் கேரம் நன்றாக ஆடுகிறான். அதற்காகவே ஆடட்டும், தடுக்காதீர்கள்.

இனி அந்த ஐந்து எண்கள். மொத்த மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைக் கூறுபோடும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு உங்கள் மகனின் மார்க் ஷீட்டை விடத் துல்லியமான உதாரணத்தை நானாக உட்கார்ந்து ஜோடித்திருக்க முடியாது.

கணக்கில் 81. ஏ-யில் உட்கார்ந்திருக்கும் பலர் அவ்வளவு எடுத்திருக்க மாட்டார்கள். இங்கிலீஷில் 29. சமூக அறிவியல் 38, அறிவியல் 57. இந்த இரண்டையும் அவன் எந்த மொழியில் எழுதினான்? இங்கிலீஷ் மீடியம் என்கிறீர்கள். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், பதிலை வாக்கியமாக எழுத வேண்டும். வாக்கியம் குறைவாகவும் படமும் சூத்திரமும் அதிகமாகவும் உள்ள அறிவியலில் 57 வருகிறது, பத்தி பத்தியாக எழுத வேண்டிய சமூக அறிவியலில் 38-க்கு இறங்குகிறது. தமிழில் கேட்டால் 64. அவனுக்கு இருப்பது ஒரு குறை, இங்கிலீஷ் வாசிப்பு. மொத்த மதிப்பெண் அந்த ஒரு குறையை மூன்று பாடத்தில் மூன்று தடவை எண்ணி, பி-யிலிருந்து 11 மதிப்பெண் தள்ளி உட்கார வைத்துவிட்டது. கணக்கு விடைத்தாளைத் தேடி எடுத்துப் பாருங்கள். போன 19 மதிப்பெண் வாக்கியக் கணக்கில் போயிருந்தால் நான்காவது தடவையும் எண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதனால் என்ன ஆகும்? கணக்கில் 81 எடுத்தவன், 30 எடுத்தவனுக்காக நடத்தப்படும் கணக்கு வகுப்பில் ஒரு வருடம் முழுக்க உட்காருவான். இங்கிலீஷில் வாசிக்கவே தடுமாறுகிறவனுக்கு அங்கேயும் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத்தான் நடத்துவார்கள். இரண்டு பாடத்திலும் அவனுக்குப் பொருந்தாத இடம். பிரித்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் சொல்ல முடியும், ‘அவரவர் நிலைக்கு ஏற்பக் கற்பிக்கிறோம்’ என்பது. அதுவே நடக்கவில்லை.

பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லாரும் சமம், ஒன்றாகவே உட்காரட்டும் என்று மேடையில் சொல்வது எளிது. எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் கதைப் புத்தகம் படிக்கிறவளும் இருக்கும் வகுப்பில் ஒரே பாடத்தை நடத்தினால் இரண்டு பேருக்கும் நஷ்டம். எதை வைத்து, எந்தப் பாடத்துக்கு, எத்தனை நாளுக்குப் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ராபர்ட் ஸ்லாவின் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1987-ல் தொடக்கப் பள்ளி ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தார். நாள் முழுக்கத் திறன்வாரியாகத் தனி வகுப்பில் வைப்பதில் பலன் தெரியவில்லை. வாசிப்புப் பாடத்துக்கு மட்டும் வகுப்பு எல்லையைத் தாண்டிச் சேர்த்து உட்கார வைத்த இடங்களில் பலன் தெரிந்தது. அமெரிக்காவில் ஜாப்ளின் என்ற ஊரில் 1950-களில் பெயர் பெற்ற முறை அது.

செக்‌ஷன் பிரிப்புக்கு ஆதரவாகக் கென்ய ஆய்வு ஒன்றைக் காட்டுவார்கள். டுஃப்லோ, டுபாஸ், க்ரீமர் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2011-ல் வெளியிட்டது, 121 பள்ளிகளின் ஒன்றாம் வகுப்பில் நடந்தது. பிரித்த பள்ளிகளில் மேல் பிரிவு, கீழ் பிரிவு இரண்டுமே முன்னேறின. உண்மை. ஆனால் அங்கே எந்த ஆசிரியருக்கு எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கிப் போட்டார்கள். நம் தலைமையாசிரியர்கள் இதைக் குலுக்கலில் விடுவார்களா? ‘சென்டம்’ வாங்கித் தரும் கணக்கு வாத்தியார் ஏ-க்கு, இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர் சி-க்கு. பத்தாவது நெருங்கும்போது சி-க்கு ‘மெல்லக் கற்போர் கையேடு’ வரும். ஒன் வேர்டு, மேப், நிச்சயம் வரும் என்று குறி வைத்த நாலு கேள்வி, 35-க்கு அது போதும். ஏழாவதில் சி-க்குப் போனவன் மூன்று வருடத்தில் தேற்றம் ஒன்றைக்கூட முழுதாக நிரூபித்துப் பார்க்காமல் பத்தாவதுக்கு வருவான். பிறகு அவனுக்குக் கணக்கு வராது என்பார்கள். ஏ-யில் இருக்கும் ‘மீத்திறன்’ பிள்ளைகளுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அதே மாதிரிக் கணக்கில் இன்னும் ஐம்பது, அதே ஒன் வேர்டில் இன்னும் நூறு. எட்டாவது பாடத்தை ஏழாவதிலேயே ஓட்டி முடிப்பார்கள். ஒரே கணக்கை இரண்டு வழியில் போடு, எது ஏன் சுருக்கம் என்று சொல், என்று கேட்க ஆளில்லை.

இதை எப்படிச் செய்ய வேண்டும் என்பது நம் ஊருக்குத் தெரியாததும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது பாடத்தைப் படிப்படியான அட்டைகளாகப் பிரித்தார்கள், ஒவ்வொரு பிள்ளையும் அந்த ஏணிப்படியில் தன் படியில் நின்றது. அட்டை முடிந்தால் குழு மாறும். 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழு உண்டு. தொடக்க வகுப்பில் நகரும் குழுவைப் பழகிய பிள்ளையை ஆறாவதுக்கு மேல் நகராத செக்‌ஷனில் போட்டுப் பூட்டுகிறோம். அரும்பிலேயே மூன்று வருடம் கிடந்த பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரே ஆசிரியர் மூன்று நிலையையும் ஒரே அறையில் சமாளிக்க வேண்டியிருந்ததும், மறுபடி சோதிக்க நேரம் இல்லாததும்.

உங்கள் பள்ளியில் மூன்று செக்‌ஷன் இருப்பதே வசதி. 6, 7, 8 வகுப்புகளுக்கு ஒரே நேரத்தில் ஒரு இங்கிலீஷ் பீரியட் வைக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து வாசிக்கச் சொல்லி எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என எங்கே நிற்கிறான் என்று குறிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு நாலு நிமிடம். 120 பிள்ளைகளை நாலு ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டால் மூன்று பீரியடில் முடிந்துவிடும். எழுத்துத் தேர்வு வைத்தால் பக்கத்தில் பார்த்து எழுதுவார்கள், குழு முழுக்கத் தப்பாகிவிடும். கீழ்க் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது, பள்ளியின் மிக நல்ல ஆசிரியர் அங்கே போக வேண்டும். மேல் குழுவில் 50 பேர் இருந்தாலும் பாதகமில்லை, அவர்கள் தாமாகப் படிக்கிறவர்கள், மேற்பார்வைக்கு வேறு பாட ஆசிரியர்கூடப் போதும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வாசிக்கச் சொல்லி இடம் மாற்ற வேண்டும். மீதி எல்லாப் பீரியடிலும் பிள்ளைகள் கலந்தே உட்காரட்டும். இது குலைவதெல்லாம் ஒரே இடத்தில்தான், அந்த ஆறாவது வார மறுசோதனையில். காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது, சார் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார் என்று ஒருமுறை தள்ளிப்போனால் குழு மறுபடி செக்‌ஷன் ஆகிவிடும்.

தலைமையாசிரியரிடம் போய் ‘ஏ-க்கு மாத்துங்க’ என்று கேட்காதீர்கள், முடியாது என்று சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும். கணக்குப் பீரியடுக்கு மட்டும் இவன் ஏ-யில் உட்காரலாமா என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு செக்‌ஷனுக்கும் கணக்கு ஒரே பீரியடில் வருகிறதா என்று கால அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். வாரத்தில் மூன்று நாள் ஒத்துவந்தாலும் லாபம். அடுத்து எப்போது மாற்றி உட்கார வைப்பீர்கள் என்று தேதி கேளுங்கள். தேதி இல்லை என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகக் (பி.டி.ஏ.) கூட்டத்தில் மற்ற அம்மாக்களோடு சேர்ந்து கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. முதலில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண்ணைக் காட்டுங்கள். போர்டு தெரியாமல் மார்க் போன பிள்ளைகள் நிறைய. பிறகு அவன் இதுவரை பார்க்காத இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் சரி. சொந்தப் புத்தகம் கூடாது, அதில் பாதி அவனுக்கு மனப்பாடமாக இருக்கும். பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். மூன்று தப்புக்கு மேல் போனால், அல்லது ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வாசித்தால், பத்தி வரவில்லை என்று வைத்துக்கொண்டு வாக்கியத்துக்கு இறங்குங்கள். எங்கே தடங்கல் இல்லாமல் ஓடுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். தினம் இருபது நிமிடம், ஐந்து வரி, மூன்று தடவை. இடறிய சொற்களை ஒரு நோட்டில் எழுதி மறுநாள் முதலில் அவற்றைக் கேளுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் வராவிட்டாலும் நடத்தலாம், அந்தச் சிநேகிதன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். இங்கிலீஷ் வரிக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அவன் தமிழைத்தான் வாசிக்கிறான், நீங்களும் டீச்சரும் இங்கிலீஷ் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஆறு வாரம் கழித்துப் புதிய பத்தியில் பாருங்கள். ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை, எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன, தமிழிலும் அப்படியே என்றால், அப்போது ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போய்க் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே ஐ.க்யூ. டெஸ்டும் எடுப்பார்கள். அந்த இடத்தில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

தங்கை மகளை வகுப்பு தாண்ட வைக்க வேண்டாம். கணக்கில் அவ்வளவு வேகம் என்றால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் நான்காம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள், போகப் போகப் பார்க்கலாம். ‘மீத்திறன்’ என்ற சொல்லை அவள் காதில் போடாதீர்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆக்கிவிடுங்கள், கட்டணம் ஒன்றும் பெரிதில்லை.