ஒப்ளைஜ்: உபகாரமா, கட்டாயமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் களியக்காவிளைக்காரன். எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில் ஒரு மொத்தவிலைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் குடோன் வாடகை ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடுக்க வாடகைக்காரர் ‘ஒப்ளைஜ்ட்’ என்று அதில் ஒரு வரி. ஒப்ளைஜ் என்றால் உதவி செய்வது என்றுதான் படித்திருந்தேன். ‘அடித்துக் கொடுத்தால் ஒரு உபகாரம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை’ என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கடைசியில் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். ஒரே சொல் எப்படி உதவியாகவும் கட்டாயமாகவும் இருக்க முடியும்? தமிழில் இதற்கு ஈடாக ஒரு சொல் உண்டா?

ஒரு வாசகர், களியக்காவிளை

அன்புள்ள தம்பி,

உங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம்மில் பலருக்கு இந்தச் சொல் அறிமுகமானதே லீவ் லெட்டரில்தான். காய்ச்சல், ஒரு நாள் விடுப்பு, ‘அண்ட் ஒப்ளைஜ்’. அங்கே ஒரு முற்றுப்புள்ளி வைத்து, கீழே கையெழுத்து. ஏழாவது படிக்கும்போது அதை ஏதோ சர்க்கார் முத்திரை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லாவிட்டால் லீவ் கிடைக்காது.

பழைய ஆங்கிலக் கடிதங்களில் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி கிடையாது. ‘இதைச் செய்து ஒப்ளைஜ்’ என்றால் யாரை? ‘உங்கள் பணிவான ஊழியனை’. வாக்கியம் கையெழுத்து வரைக்கும் ஓடி அங்கேதான் நிற்கும். கையெழுத்துப் போடுகிறவன்தான் செயப்படுபொருள். நாம் நடுவில் ஒரு புள்ளியை வைத்து அவனைக் கழற்றிவிட்டோம். அவனைத் திரும்பச் சேர்த்துப் படியுங்கள்: எனக்கு இதைச் செய்து என்னை உங்களுக்குக் கட்டுப்பட்டவனாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஆம், கட்டுதல்தான் விஷயம். லத்தீனில் லிகாரே என்றால் கட்டுவது. பந்து விளையாடுகிற பையன்கள் லிகமென்ட் கிழிந்துவிட்டது என்கிறார்களே, எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் அந்த நாரும் இதே குடும்பம்தான். உதவி என்பது ஒப்ளைஜுக்குப் பின்னால் வந்து ஒட்டிய பொருள். ஒருவர் நமக்கு நல்லது செய்தால் அவரிடம் கட்டுண்டு போகிறோம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் கட்டுண்டு போகிறோம். உங்கள் குடோனில் நடந்தது இரண்டாவது.

போர்ச்சுக்கீசியர் நன்றி சொல்வதே இந்தச் சொல்லால்தான். ஆண் சொன்னால் ஒப்ரிகாடு, பெண் சொன்னால் ஒப்ரிகாடா. ‘கட்டுப்பட்டேன்’ என்பதுதான் நேர்ப்பொருள். மேசை, சன்னல், சாவி, அலமாரி எல்லாவற்றையும் அவர்களிடமிருந்து வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்ட நாம் இந்த நன்றியை மட்டும் வாங்கவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கிலாந்துப் போலீஸ் கைதியிடம் சொல்ல வேண்டிய பழைய எச்சரிக்கையில், ‘நீ எதுவும் சொல்ல ஒப்ளைஜ்ட் அல்ல’ என்று வரும். சொல்லி உதவ வேண்டாம் என்றா அர்த்தம்? சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை என்று அர்த்தம். நம் நாட்டில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, ஒப்புதல் வாக்குமூலம் வாங்கும் முன் மாஜிஸ்திரேட் சொல்ல வேண்டியதை எழுதும்போது அந்த இடத்தில் ‘பவுண்ட்’ என்று போட்டது. கட்டப்பட்டவன் என்று பச்சையாகவே சொல்லிவிட்டது. எனக்கு இதுதான் பிடிக்கும். குழப்பத்துக்கு இடமே இல்லை.

இனிமேல் ஒப்பந்தம் படிக்கும்போது ‘ஒப்ளைஜ்ட் டு’வுக்குப் பிறகு என்ன வருகிறது என்று பாருங்கள். ஆள் வந்தால் நன்றி. செய்கிற வேலை வந்தால் கட்டாயம். வெள்ளையடிப்பது ஆள் இல்லையே. ‘ஒப்ளிகேட்டட்’ என்று இருந்தால் பெரும்பாலும் யோசிக்கவே வேண்டாம், தலையில் விழுந்த வேலைதான்.

தமிழில் ஒரு சொல் கேட்டீர்கள். இருக்கிறது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே பாறசாலைக்கு வேலைக்குப் போகிறீர்கள். மலையாளப் பத்திரிகையில், வேறு யாரிடமிருந்தாவது வாங்கிய படத்தின் கீழே என்ன போடுகிறார்கள்? ‘கடப்பாடு’. நம் பத்திரிகைகள் ‘நன்றி’ என்று போடும் அதே இடம். களியக்காவிளை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே கடப்பாடு என்ன ஆகிறது? ‘சட்டக் கடப்பாடு’ ஆகிவிடுகிறது, முறைப்பாக. அங்கேயும் கடமை என்ற பொருள் உண்டு, இல்லாமலில்லை. ஆனால் காதில் முதலில் விழுவது நன்றிதான். ஒப்ளைஜின் இரண்டு பாதியையும் ஒரு செக்போஸ்டின் இரண்டு பக்கமும் பிரித்து வைத்த மாதிரி இருக்கிறது.

இந்தச் சொல் நேற்று வந்ததும் இல்லை. ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று 211ஆம் குறளே தொடங்குகிறது, ஒப்புரவறிதலில். மழையைப் போல, திருப்பி எதையும் எதிர்பார்க்காமல் ஊருக்குச் செய்வதைத்தான் வள்ளுவர் அங்கே கடப்பாடு என்கிறார். உதவியும் அதுதான், கடமையும் அதுதான். கடன் என்ற சொல்லையும் பாருங்கள். ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று அப்பர் பாடும்போது அது கடமை. உங்கள் கடைக் கணக்கில் வரும்போது வரவேண்டிய பாக்கி. ‘உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்று மேடையில் யாராவது சொன்னால் அவர் நன்றி சொல்கிறார் என்று உங்களுக்குப் புரியாமலா போகிறது? ஆங்கிலத்தில் வந்தபோதுதான் தடுமாறிவிட்டீர்கள்.

அதற்காக ஒப்பந்தத்தை மொழிபெயர்க்கும்போது ‘வாடகைக்காரர் கடப்பாடு உடையவர்’ என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் முதலாளி அதையும் நன்றி என்று படித்துவிடுவார். ‘வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும்’, அவ்வளவு போதும்.

அப்புறம், அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்.