சமதளத்தில் முந்தும் வண்டி மேட்டில் பின்தங்குவது ஏன்?

கேள்வி: ரிகம்பென்ட் எனப்படும் சாய்விருக்கை சைக்கிள் வைத்திருக்கிறேன். சமதளத்தில் நண்பர்களை எளிதில் முந்திவிடும் நான், மேடு வந்தால் பின்தங்கிவிடுகிறேன். எடைதான் காரணமா? மூன்று சக்கர வண்டிக்கு மாறினால் பயன் உண்டா?

பதில்: எடைக்கும் பங்கு உண்டு, ஆனால், பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆளும் வண்டியுமாக 90 கிலோ, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலை, மணிக்கு 9 கி.மீ. வேகம் என்று கொண்டால், ஏறுவதற்கு மட்டும் சுமார் 132 வாட் தேவைப்படும். வண்டி 4 கிலோ கூடினால் மேலும் 6 வாட் ஆகும். சாதாரண சைக்கிளில் செல்பவருக்கு அந்த வேகத்தில் காற்றுத்தடையால் ஆகும் செலவோ 3 அல்லது 4 வாட்தான். அதில் பாதியைச் சாய்விருக்கை மிச்சப்படுத்தினாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியாக உயர்வதால், 36 கி.மீ. வேகத்தில் அதே தடை 200 வாட்டைத் தாண்டும். உங்கள் வண்டி வெல்லும் களம் அதுதான். 1933-இல் பிரெஞ்சு சைக்கிள் வீரர் பிரான்சிஸ் ஃபோர் இத்தகைய வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ. கடந்து சாதனை படைத்ததும், மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இவற்றைப் பந்தயங்களிலிருந்து விலக்கியதும் தெரிந்த கதை. அவர் மலைச்சாலையில் ஓட்டியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்!

எடையை விட வடிவமைப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். சாதாரண சைக்கிளில் எழுந்து நின்று உடல் எடையைப் பெடலில் இறக்கலாம். இங்கே முதுகை இருக்கையில் ஊன்றித்தான் உதைக்க வேண்டும். ஆகவே, இருக்கையின் வலைத்துணி தொய்ந்திருந்தாலோ, பெடல்களைத் தாங்கும் முன்குழாய் வளைந்துகொடுத்தாலோ, உதையின் ஒரு பகுதி அங்கேயே வீணாகிறது. செங்குத்தான ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது முன்குழாயின் நுனியைக் கவனியுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் அது பக்கவாட்டில் அசைந்தால், எடை குறைந்த சக்கரங்களை வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்வதே மேல். நீண்ட செயினைத் திருப்பிவிடும் உருளையையும் பாருங்கள்: இழுவிசை முழுவதையும் தாங்கும் மேல்பக்க உருளை கரகரத்தால் இழப்பு கூடும். இருக்கைச் சாய்வை மாற்ற முடியுமானால், நீண்ட ஏற்றங்களுக்குச் சற்று நிமிர்த்திப் பாருங்கள். அந்த வேகத்தில் காற்றால் நஷ்டமில்லை.

தசைகள் இப்படிச் சாய்ந்து மிதிப்பதற்குப் பழகச் சில மாதங்கள் ஆகும்.

மூன்று சக்கர வண்டி பெரும்பாலும் இன்னும் கனமானது. எனினும், நடை வேகத்தில் சமநிலை தடுமாறுமே என்று பெரிய கியரில் மல்லுக்கட்ட வேண்டிய நிலை அதில் இல்லை. மிகச் சிறிய கியரில் நிதானமாகச் சுழற்றிக்கொண்டே ஏறலாம், நடுவில் நின்றும் புறப்படலாம். இரு சக்கரத்திலேயே தொடர்வதானாலும் சிறிய கியரைப் பொருத்திக்கொள்ளுங்கள். முதுகுக்கு ஊன்றுதல் இருப்பதால் அளவுக்கு மீறி உதைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.